என் தங்கை குடிக்காத தண்ணீர்

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது எங்கள் தாமான் குடியிருப்பில் இன்றும் யாரும் மீறாத விதி. உடல் வீட்டை விட்டுப் புறப்படும்வரை சமையலறையில் நெருப்பு மூட்டுவதில்லை. வருகிறவர்களுக்கான காப்பியும் பசியாறலும் அண்டை வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, ஈப்போவுக்கு வெளியே இந்த வரிசை வீடுகளில் நாங்கள் குடியேறியபோது பல வழக்கங்கள் தாமாகவே உதிர்ந்தன. இது உதிரவில்லை. உதிராமல் காத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, தமிழ்ப்பள்ளித் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். தாமான் கோயிலின் தலைவர் பொறுப்பும் நெடுங்காலமாக என்னிடமே இருக்கிறது. ஆகவே வழக்கத்தில் ஐயம் எழும்போது மக்கள் என்னைத் தேடி வருவது இயல்பு. மின்சாரக் கெட்டில் அடுப்பா இல்லையா என்று ஒருமுறை கேட்டார்கள். ஒரு வீட்டில் மாமனார் இறந்து கிடக்கையில் மருமகள் கெட்டிலில் நீர் கொதிக்க வைத்துவிட்டாள் என்று உறவினர்கள் சண்டைக்கு நின்ற சமயம் அது. கொதிக்க வைக்கும் நோக்கத்தோடு ஒரு கை விசையைத் தட்டுகிறது. எனவே கெட்டிலும் அடுப்புதான் என்று விடை சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்.

பின்னர் தண்ணீர் இயந்திரங்கள் வந்தன. குழாயோடு இணைத்துக் கூடத்தின் மூலையில் நிறுத்தும் உயரமான வெள்ளைப் பெட்டிகள். உள்ளே வடிகட்டிகள் இருக்கும். எந்நேரமும் சூடு தணியாத ஒரு சிறு கலமும் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் குளிர்ந்த நீர், மற்றொன்றை அழுத்தினால் வெந்நீர். இதற்கும் என்னிடம் விடை கேட்டார்கள். புதிதாக யாரும் எதையும் பற்ற வைக்கவில்லை, சாவு நிகழும் முன்பே சூடாக இருந்த நீர், பெட்டி இருப்பதும் சமையலறையில் அன்று. ஆகவே குற்றமில்லை என்றேன். அந்த விடை தாமானுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. துயரத்தில் இருக்கும் வீட்டார் தம் வீட்டு வாசலுக்கு வந்தவர்களுக்குத் தம் கையாலேயே ஒரு காப்பி கலக்கிக் கொடுக்கலாம் என்றாயிற்று. அதற்காகவே இயந்திரம் வாங்கியவர்கள் உண்டு.

அவற்றை விற்றவர் என் தங்கையின் கணவர். எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்தியே. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நானே. அவர் ஒரு நிறுவனத்தின் முகவராகச் சேர்ந்து, சித்தியவானிலிருந்து சிலிம் ரிவர் வரை வீடு வீடாகச் சென்று விற்றுக்கொண்டிருந்தார். முதல் செயல் விளக்கத்தை எங்கள் கோயில் மண்டபத்தில்தான் நடத்தினார். ஒரு குவளைக் குழாய்நீரில் இரண்டு உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் பழுப்பேறிக் கருத்தது.

"பாத்தீங்களா? இதத்தான் தெனமும் குடிக்கிறீங்க!" என்றார்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த, தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த முன்னாள் மண்டோர், "பால் ஊத்தாத தே ஓ மாதிரியில்ல இருக்கு! சீனி போட்டா குடிச்சிரலாம் லா" என்றார். மண்டபம் சிரித்தது.

மாப்பிள்ளையும் சிரித்துவிட்டு, இயந்திரத்திலிருந்து ஒரு குவளை நீரைப் பிடித்து என்னிடம் நீட்டினார். "மச்சான், நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. நான் மூச்சு முட்டப் பேசினாலும் நீங்க ஒரு வார்த்தை சொன்ன மாதிரி வருமா?"

குடித்தேன். நல்ல நீர் என்று சொன்னேன். அதை யாரோ படம் பிடித்தார்கள். கையில் குவளையோடு நான் நிற்கும் அந்தப் படம் அவருடைய கைப்பேசியிலிருந்து எங்கெங்கோ போயிற்று. சிலிம் ரிவரில் ஒரு திருமண வீட்டில் முன்பின் அறியாத ஒருவர் என்னை நெருங்கி, "நீங்க அந்தத் தண்ணி ஐயாதானே? போன்ல பாத்திருக்கேன்" என்றார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காரில் ஏறிய பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தாள். "கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனுசனுக்கு வந்த பேரப் பாருங்க!" நான் சிரிக்கவில்லை. எனினும் மனத்துக்குள் ஒரு நிறைவு இருந்தது. என் சொல் நான் பார்த்திராத ஊர்களுக்கும் எனக்கு முன்னே போய் அமர்ந்திருக்கிறது என்ற நிறைவு.

எங்கள் பின்தெருவில் ஓர் இளம்பெண் இருக்கிறாள். நான் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளியில் படித்தவள். கணவன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறான். மாமியாரும் உடன் இருக்கிறார். தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தபோது அந்த வீட்டில் இயந்திரம் வைத்தார்கள். நல்ல நாள் பார்த்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, முதல் குவளையை நான் வந்து குடிக்க வேண்டும் என்று மாமியார் கேட்டுக்கொண்டார். போனேன். மாப்பிள்ளையும் தங்கையும் வந்திருந்தார்கள். எனக்கொரு குவளை தந்துவிட்டு அந்தப் பெண் என் தங்கையிடமும் ஒன்றை நீட்டினாள்.

"எனக்கு இன்னிக்கு வெரதம்மா. தண்ணி கூட இல்ல" என்றாள் தங்கை.

அப்போது அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, புள்ள பொறந்தா பால்மாவுக்கு இந்தச் சுடுதண்ணியவே ஊத்தலாமா?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "தாராளமா! அதுக்குத்தானே இது. காய்ச்சி, ஆற வெச்சு, எதுக்கு இந்த சூசா, சிரமம்?" என்றார் அவர். அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மீண்டும் என் முகத்தையே பார்த்து நின்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது என் விடை.

"ஊத்தலாம்மா" என்றேன்.

ஆண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. பால்மாதான் என்று என் மனைவி சொன்னாள்.

குழந்தை குப்புற விழத் தொடங்கியிருந்த காலத்தில் மாப்பிள்ளையின் தாயார் காலமானார். பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர்; விடியற்காலையில் மூச்சு நின்றதாகத் தங்கை அழைத்துச் சொன்னாள். பெண் கொடுத்த வீட்டார் என்ற முறையில் உடலுக்குக் கோடித்துணி போர்த்தும் கடமை எங்களுடையது. நானும் மனைவியும் ஈப்போ சென்று புடவை வாங்கிக்கொண்டு, தாமானிலேயே இருக்கும் தங்கை வீட்டை அடைந்தபோது வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் நிறைந்திருந்தன.

முன்வரிசையில் அந்த மண்டோர் இருந்தார். "ஐயா, ஒரு காப்பி கெடைக்குமா? வெள்ளனவே வந்து ஒக்காந்தவன். தொண்டை காஞ்சு போச்சு."

சம்பந்தி வீட்டான் என்றாலும் தங்கையின் வீடு. நானே எழுந்து உள்ளே போனேன். உடல் கூடத்தின் நடுவே கிடத்தப்பட்டிருந்தது. இயந்திரம் மூலையில் நின்றது. அதன் தலைமேல் பூவேலைத் துணி விரித்து, நெகிழிப் பூச்சாடி வைத்திருந்தார்கள். குவளையைப் பொத்தானுக்குக் கீழே பிடித்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். மின்கம்பி சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. கட்டின் மேல் தூசி. நீர்க்குழாயும் கழற்றப்பட்டு, அதன் முனை மூடியிட்டு அடைக்கப்பட்டிருந்தது. துக்க வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று இன்று நகர்த்தியிருக்கிறார்கள் என நினைத்து, கம்பியின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"அண்ணே! அதுல வேணாம்!"

தங்கையின் குரல் ஒப்பாரியையும் தாண்டி எழுந்தது. உடலைச் சுற்றி அமர்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து வந்து, என் கையிலிருந்து குவளையை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துச் சீன வீட்டுல ஃபிளாஸ்க்குல கேட்டிருக்கேன். இப்ப வந்துரும்."

"ஏன், இது கெட்டுப்போச்சா?"

"ஆமா… கெட்டுப்போச்சு."

"விக்கிறவரு வீட்டு மெசினே கெட்டுக் கெடக்குதா? ஒரு நட்டு முடுக்க அவருக்குத் தெரியாதா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவளோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது மாமியாருக்கான அழுகை அன்று என்பதை, அவளைத் தோளில் சுமந்து வளர்த்த நான் அறிவேன். பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் ஓரம், யாரும் இல்லாத இடம்.

"சொல்லு" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னாடியே நிப்பாட்டிட்டோம்ணே. சித்தியவான்ல வாங்குன ஒருத்தரு, காலையில மொதல்ல புடிக்கிற தண்ணி காசு நக்குன மாதிரி இருக்குன்னு எங்கயோ குடுத்து டெஸ்ட் பண்ணியிருக்காரு. சுடுதண்ணி டேங்க்கு இருக்கில்ல, அதுல பைப்பு பத்த வெச்ச எடத்துல காரீயமாம். ராத்திரி பூரா சூட்டுல நிக்கிறப்ப தண்ணியில எறங்குதாம்."

கிந்தா பள்ளத்தாக்கில் எங்கள் முன்னோர் தலைமுறை வெட்டியெடுத்த வெள்ளீயத்தை அவள் சொல்லவில்லை. உடம்புக்குள் போனால் தங்கிவிடும் நஞ்சைச் சொன்னாள்.

"கம்பெனி என்னா சொல்லுச்சு?"

"ஏஜெண்டுங்கள மட்டும் கூப்பிட்டுப் பேசுனாங்களாம். புது மாடல் வருது, பழசப் பத்தி வாயத் தொறக்காதீங்க, கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் மாத்திக் குடுங்கன்னு."

"உன் வீட்டுக்காரரு வந்து உன்கிட்ட சொன்னாரு. நீங்க கழட்டி வெச்சிட்டீங்க."

"ஆமாண்ணே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்ட சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? வெள்ளிக்கெழம பூசையில மைக்கப் புடிச்சிருவீங்க. ஸ்டோர்ல இன்னும் மெசின் நின்னுச்சுண்ணே. அதுங்கள என்னா பண்றது?"

இந்த விடையை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நான் பொய்க்கு உடன்படுவேன் என்று எண்ணி அவர்கள் என்னிடம் மறைத்திருந்தால் அது என்னைப் பற்றிய தவறான கணிப்பு, பொறுத்துக்கொள்ளலாம். உடன்பட மாட்டேன் என்று உறுதியாக அறிந்தே மறைத்தார்கள். என் குணத்தை அவர்களைப் போல் அறிந்தவர் எவருமில்லை. அந்த அறிவைக் கொண்டே என்னைச் சுற்றி வேலி கட்டினார்கள். வேலிக்குள் நான் குவளையை ஏந்திக்கொண்டு, நல்ல நீர், நல்ல நீர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நானும் உன் அண்ணியும் இன்னி வரைக்கும் குடிச்சிக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"பெரியவங்களுக்கு ஒண்ணும் பெருசா ஆவாதுன்னு அவரு சொன்னாருண்ணே. சின்னப் புள்ளைங்களுக்குத்தான்…"

அங்கே அவள் நிறுத்தினாள். நிறுத்தியதாலேயே எனக்குப் புரிந்தது.

"பின்தெருப் பொண்ணு வீட்டுல எப்ப மெசின் வெச்சீங்க? தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் துவைக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடினாள்.

"அன்னிக்கு உனக்கு வெரதமா?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். சிறுமியாக இருந்தபோதும் அடிக்கு அஞ்சும் நேரத்தில் அப்படித்தான் நிற்பாள். அப்போது நான் குறுக்கே போய் அடியை வாங்கிக்கொள்வேன்.

வெளியே வந்து மனைவியைத் தனியே அழைத்து, கேட்டதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. தனக்காக ஒரு வார்த்தையும் கேட்காமல் கைப்பேசியை எடுத்து அந்தப் பெண்ணை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தாள், மீண்டும் ஓய்ந்தது. "புள்ளயத் தூங்க வெக்கிறப்ப சத்தத்த அணைச்சி வெச்சிருவா" என்றாள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"இப்படியேவா? சாவு வீட்டுலேர்ந்து பச்சப்புள்ள வீட்டுக்குப் போலாமா? வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டுப் போங்க."

அவள் சொன்னது முறை. துக்க வீட்டிலிருந்து வருகிறவன் குளிக்காமல் கைக்குழந்தை இருக்கும் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. இதையும் தாமானுக்கு எடுத்துச் சொன்னவன் நான்தான். ஆனால் குழந்தை விழித்தால் அடுத்த புட்டி கலக்கப்படும். அதுவன்றி, இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்து, உலர்ந்த ஆடை உடுத்தி, விசிறிக்குக் கீழே ஒரு கணம் அமர்ந்திருந்தால், சாவுக் காரியம் முடியட்டும், எடுத்த எடுப்பில் சொல்லி ஊரைக் கலக்க வேண்டாம், மாப்பிள்ளையிடம் முதலில் பேசிப் பார்ப்போம் என்றெல்லாம் என் மனம் நயமாக எடுத்துரைத்திருக்கும். நயமாக எடுத்துரைப்பது எனக்குத் தொழில். "படி ஏறமாட்டேன். கேட்டுக்கு வெளியவே நின்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முற்பகல் வெயில். அந்த வீட்டின் முகப்பில் ஒரு கார் நின்றது. காருக்கு அப்பால் கதவு. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைத் தட்டினேன். மாமியார் எட்டிப் பார்த்து, "வாங்கய்யா, வாங்க" என்று முகம் மலர்ந்து இறங்கி வந்தார். பாதி வழியில் என் வெறுங்காலையும் நெற்றியில் திருநீறு இல்லாததையும் கவனித்து நின்றுவிட்டார். "சாவு வீட்டுலேர்ந்தா வர்றீங்க?"

"ஆமாம்மா. உள்ள வரமாட்டேன். மருமகளக் கூப்பிடுங்க."

"புள்ள முழிச்சிக்கிட்டான்யா. பால் கலக்குறா. என்னா விசயம்?"

"அந்தத் தண்ணிய ஊத்த வேணாம்னு சொல்லுங்க."

"என்னாய்யா?"

அவருக்குக் காது சற்று மந்தம். பக்கத்து வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீர் பீச்சும் ஓசை வேறு. நான் மீண்டும் சொன்னேன். அவர் கையைக் காதருகே வளைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். தீட்டுக்கு அஞ்சி ஓரடியும் முன்னே வரவில்லை. வகுப்பறையிலும் கோயிலிலும் அன்றி, தெருவில் நின்று நான் குரலை உயர்த்தியதே இல்லை. அப்படி உயர்த்துகிறவர்களை நான் மதித்ததும் இல்லை.

"மெசின் தண்ணிய புள்ளைக்குக் குடுக்காதீங்க! அதுல நஞ்சு இருக்கு!"

காரைக் கழுவிக்கொண்டிருந்த ஓசை நின்றது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பெண் ஒரு தோளில் குழந்தையும் மறு கையில் புட்டியுமாக வெளியே வந்தாள். பால் நுரைத்திருந்தது.

"ஐயா?"

"கொட்டிரும்மா. சுடுதண்ணி டேங்க்குல காரீயம் எறங்குது. கொழந்தைக்கு ஆகாது. கொட்டிட்டு, இன்னிக்கே கிளினிக்குக்குக் கொண்டு போயி ரத்தத்த டெஸ்ட் பண்ணச் சொல்லு."

அவள் கொட்டவில்லை. புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்கதானே ஐயா ஊத்தலாம்னு சொன்னீங்க?"

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. வகுப்பில் நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாகச் சொன்ன ஆசிரியரிடம் எது சரி என்று கேட்கும் குரல்தான்.

"சொன்னேன். எனக்கு அப்பத் தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சிச்சு."

"யாருக்குத் தெரியும்?"

எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். காரைக் கழுவியவன் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றான். நிறுவனத்துக்குத் தெரியும் என்று சொல்லலாம்; அது பொய் ஆகாது. தங்கையின் குடும்பமும் என் குடும்பப் பெயரும் அந்த ஒரு சொல்லில் தப்பிவிடும். ஆனால் அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தங்கச்சிக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும். அவங்க வீட்டுல எப்பவோ கழட்டி வெச்சிட்டாங்க" என்றேன்.

அவள் புட்டியின் மூடியைத் திருகி, பாலைக் கால்வாயில் ஊற்றினாள். குழந்தை அதைக் கண்டு வீறிட்டது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்போ பொறந்ததுலேர்ந்து எம்பேரனுக்கு என்னாய்யா ஊத்திக்கிட்டு இருந்தோம்?" என்றார். கார் கழுவியவன், "எங்க வீட்டுலயும் அதே மெசின்தான் தலைவரே. எங்க மாமியாவுக்கு மட்டும் ஊத்தலாமா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நான் தங்கை வீட்டுக்குத் திரும்பும் முன்பே கைப்பேசிகள் செய்தியைக் கொண்டு சேர்த்துவிட்டன. பந்தலில் பேச்சு அடங்கியது. மண்டோர் கையிலிருந்த காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு நாற்காலிக்கடியில் வைத்தார். அது சீன வீட்டு ஃபிளாஸ்க்கிலிருந்து வந்தது என்று யாரோ சொன்ன பிறகும் எடுக்கவில்லை. மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். கோடி போர்த்தும் நேரம். நான் புடவைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மாப்பிள்ளை வெற்றுடம்போடு, ஈர வேட்டியில், தாயின் கால்மாட்டில் நின்றார்.

என்னருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இன்னிக்கே சொல்லணுமா மச்சான்? எங்கம்மா இன்னும் வீட்டுல கெடக்குறாங்க. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"உங்கம்மாவுக்குப் படுக்கையில என்னா தண்ணி குடுத்தீங்க மாப்பிள்ளை?"

அவர் தாயின் கால்களைப் பார்த்தார்.

"காய்ச்சுன தண்ணிதானே? நல்லது. பெத்தவங்களுக்கு நல்ல தண்ணி குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, புடவையைப் பிரித்து அம்மையாரின் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினேன். ஒரு சுருக்கமும் இல்லாமல் சரிசெய்தேன். செய்ய வேண்டிய முறை எதையும் நான் குறைக்கவில்லை. சுடுகாடுவரை போனேன். திரும்பி வந்து குளித்தேன். அன்று இரவு என் வீட்டு இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கியபோது மனைவி அருகில் நின்றாள். "எனக்குக் கூடச் சொல்லணும்னு அவளுக்குத் தோணலியே" என்றாள். அவளும் என் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகியவர்கள்.

மறுநாள் தொடங்கி தாமானில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெள்ளைப் பெட்டிகள் வெளியே வந்து நின்றன. நிறுவனத்திலிருந்து கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளைஞர் வந்து, புதிய மாடலை மாற்றித் தருவதாகப் பணிவோடு கூறினார். பழையதில் என்ன கோளாறு என்று கேட்டேன். "கோளாறுன்னு இல்ல சார், அப்கிரேட்" என்றார். பெரும்பாலோர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

கருமக்கிரியை முடிந்த பிறகு தங்கை தனியாக வந்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

"கோயிலுக்குப் போக முடியலண்ணே. கடைக்குப் போக முடியல. காறித் துப்பாத கொறதான். அவரு பேர நீங்க சொல்லியிருக்கலாம். கம்பெனி பேரச் சொல்லியிருக்கலாம். எம்பேரயும் ஏண்ணே சொன்னீங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் உங்க தங்கச்சி. உங்களுக்கு ஊருதான் பெருசு. எப்பவுமே ஊருதான்."

"அந்தப் புள்ள வீட்டுல வெரதம்னு சொன்னப்போ நான் உனக்கு யாரா இருந்தேன்? என் கையில தண்ணி இருந்திச்சு. பாத்துக்கிட்டுத்தானே நின்னே?"

"உங்களத் தடுத்தா காரணம் கேப்பீங்கன்னு பயமா இருந்திச்சுண்ணே" என்றாள். அழவில்லை. அது உண்மை என்பதால் நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் போகும்போது வாசல்வரை போனேன். முறை என்பதற்காகப் போனேன். அதன்பின் அவள் வரவில்லை. எனக்கும் போகத் தோன்றவில்லை. திருமண வீடுகளில் பார்த்துக்கொள்கிறோம். என் மனைவி அவளிடம் நலம் விசாரிப்பாள். நான் தலையசைப்பேன்.

குழந்தையின் ரத்தத்தில் காரீயம் இருந்தது. இருக்கக் கூடாத அளவு என்று கிளினிக்கில் சொன்னதாக மனைவி கேட்டு வந்தாள். நீரை நிறுத்தியது நல்லதாயிற்று, இனிக் குறைய வேண்டும், குறைகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும், வளர வளரக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்களாம். எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, பேசுகிறானா, படிக்கிறானா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றார்களாம். ஆயுள் முழுதும் பிள்ளைகள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த இரவு நான் சாப்பிடவில்லை.

ஈப்போவில் குழந்தை மருத்துவராக இருப்பவர் என் பழைய மாணவர். பெயர் பெற்றவர், இடம் கிடைப்பது அரிது. நான் அழைத்துப் பேசினால் மறுக்க மாட்டார். ஒரு மாலை, குளித்து வெண்ணிற உடை உடுத்தி, அந்த வீட்டுக்குப் போனேன். இம்முறை படியேறத் தடையில்லை. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, "வாங்கய்யா" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

மருத்துவரைப் பற்றிச் சொன்னேன். "நல்ல டாக்டரும்மா. நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளதான். நான் சொன்னா நாளைக்கே பாத்துருவாரு."

அவள் மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தாள். உள்ளறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பினார்.

"இருக்கட்டும் ஐயா" என்றாள் அந்தப் பெண். "நாங்களே வெளியில நாலு பேருகிட்ட விசாரிச்சிப் பாத்துட்டுப் போறோம்."

சரிம்மா என்றேன். அவள் செய்வது சரிதான். முன்பு என்னைக் கேட்டபோதும் அவள் விசாரிக்கத்தான் செய்தாள். விசாரித்த இடம் நானாக இருந்தது. குழந்தையின் கையிலிருந்து கண்ணாடியை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தேன். குடிக்க ஏதும் வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை, வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.